மனம் எழுதிய கணக்கும் ஏடு எழுதிய கணக்கும்

பொன்விழா மலருக்காக நம் சங்கத்தின் மூத்தவர்களைச் சந்தித்து, அவர்களுடைய நினைவுகளைப் பதிவு செய்யும் பொறுப்பு எங்கள் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறக்குறைய எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமைதோறும், அடுக்குமாடி வீடுகளின் மின்தூக்கிகளில் ஏறி இறங்கினோம். போன வீடெல்லாம் எங்களைப் பசியாற வைத்தது. பெரியவர்கள் மனம் திறந்து பேசினார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் பேச்சின் நடுவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். அவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி.

பதிவு செய்தவற்றை எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. ஒரே நிகழ்ச்சியை மூவர் மூன்று விதமாகச் சொல்லியிருந்தார்கள். ஒருவர் சொன்ன ஆண்டும் அவருடைய பழைய கடப்பிதழில் இருந்த ஆண்டும் ஒத்துப்போகவில்லை. எங்களில் இளையவர் ஒருவர், "ஏட்டில் இருப்பதை மட்டும் எழுதுவோம், மற்றதை விட்டுவிடுவோம்" என்றார். மூத்தவர் ஒருவர், "பெரியவர்கள் பொய்யா சொல்வார்கள்? அவர்கள் சொன்னதையே போடுங்கள்" என்றார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. எனவே, எங்கே நினைவு ஏட்டிலிருந்து விலகுகிறது, ஏன் விலகுகிறது என்று பார்க்கத் தொடங்கினோம். பார்த்த வரையில், பெரும்பாலான விலகல்களுக்குப் பின்னால் மறதியைவிட ஓர் உணர்ச்சியே இருந்தது. அச்சம், பசி, பிரிவு, பெருமிதம், கோபம் என்று அது பல முகம் கொண்டது. அதைக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கப்பல் எத்தனை நாள் ஓடியது?

நம் சபுராளிகளின் கதை கப்பலில் தொடங்குகிறது. அதிகம் பேர் சொன்ன பெயர் 'ரஜூலா'. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் நிறுவனத்தின் கொடியோடு சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடிய கப்பல் அது. தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறையும் அதே கப்பலில் வந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

"கப்பலில் எத்தனை நாள் இருந்தீர்கள்?" என்று எல்லோரிடமும் கேட்டோம். பத்து நாள் என்றார் ஒருவர். பதினைந்து நாள் என்றார் இன்னொருவர். "ஒரு மாசம் இருக்கும் தம்பி" என்றார் தொண்ணூறை நெருங்கும் ஒரு பெரியவர். நாகப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூர் வரை அந்தக் கப்பலுக்கு ஏறக்குறைய ஒரு வாரம்தான் பிடிக்கும்.

ஆனால், இதே பெரியவர்கள் வேறு சிலவற்றை மிகத் துல்லியமாகச் சொன்னார்கள். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வராது. கடலில் தள்ளி நிற்கும். தோணியில் ஏறிப் போய்க் கப்பலைப் பிடிக்க வேண்டும். அலை தூக்கும் நேரம் பார்த்து ஏணிக்குத் தாவிய அந்த நொடியை அனைவரும் சொன்னார்கள். கரையில் நின்ற உம்மாவின் புடவை நிறம் ஒருவருக்கு இன்னும் தெரிகிறது. இரவில் தூரத்தில் தெரிந்த துறைமுக விளக்குகள் எல்லோருக்கும் தெரிகின்றன. நடுவில் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்துக் கிடந்த நாள்கள்தாம் எண்ணிக்கை இழந்துவிட்டன.

இதற்கு விளக்கம் உண்டு. உளவியல் அறிஞர் டேனியல் கானமனும் அவருடைய குழுவினரும் 1993இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 60 வினாடி கையை வைத்திருக்கச் சொன்னார்கள். மறுமுறை அதே 60 வினாடியோடு இன்னும் 30 வினாடி சேர்த்து, அந்தக் கடைசிப் பகுதியில் நீரைச் சற்றே வெதுவெதுப்பாக்கினார்கள். பிறகு, "எதை மீண்டும் செய்ய விரும்புகிறீர்கள்?" என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்ட வேதனையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், அது சற்று இதமாக முடிந்தது என்பதே காரணம். மனம் ஓர் அனுபவத்தின் உச்சத்தையும் முடிவையும் பத்திரப்படுத்துகிறது. அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைப் பெரிதாக எண்ணுவதில்லை. நம் பெரியவர்களின் கடற்பயணத்தில் தோணி உச்சம். துறைமுக விளக்கு முடிவு. இடைப்பட்ட நாள்களை, ஊரை விட்டு வந்த ஏக்கம் தன் விருப்பம்போல் நீட்டிக்கொண்டது.

பெருநாளும் விடுதலையும்

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு, கடிகாரத்தில் தோக்கியோ நேரம், வாழை மரம் அச்சடித்த நோட்டு, சயாம் மரண ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்ற பீதி. இவை அன்று சிறுவர்களாக இருந்தவர்களின் மனத்திலிருந்து இன்னும் இறங்கவில்லை.

அந்தக் காலம் எப்படி முடிந்தது என்று கேட்டபோது, ஒருவரையொருவர் சந்திக்காத மூன்று பெரியவர்கள் ஒரே கதையைச் சொன்னார்கள். ஜப்பான்காரன் சரணடைந்த நாளும் நோன்புப் பெருநாளும் ஒரே நாள். தொழுதுவிட்டுப் பள்ளிவாசலை விட்டு வெளியே வந்தால் தெருவில் வெள்ளைக்காரப் பட்டாளம் நிற்கிறது. ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டு அழுதோம்.

மூவர் சொல்வது பொய்யாக இருக்காது என்று நாட்காட்டியைப் பார்த்தோம். ஜப்பான் சரணடைவதாக அறிவித்தது 1945 ஆகஸ்ட் 15. அது ஹிஜ்ரி 1364ஆம் ஆண்டு ரமலானின் முதல் வாரம். பிரிட்டிஷ் படை சிங்கப்பூரில் இறங்கியது செப்டம்பர் 5. பெருநாள் செப்டம்பர் 8 வாக்கில். பிறையைப் பொறுத்து ஒரு நாள் முன்பின். மவுண்ட்பேட்டன் முன்னிலையில் நகராட்சிக் கட்டடத்தில் சரணாகதி ஒப்பந்தம் கையெழுத்தானது செப்டம்பர் 12.

ஆக, நான்கு வாரங்களில் நடந்தவை பெரியவர்கள் மனத்தில் ஒரே காலைப்பொழுதாகச் சுருண்டுவிட்டன. தேதி தவறு. ஆனால் அவர்கள் சொன்னதில் ஒரு சரியும் இருக்கிறது. அந்த ஆண்டு நோன்பு ஜப்பானியர் ஆட்சியில் தொடங்கி அது முடிந்த பிறகு நிறைவு பெற்றது. மூன்று பெருநாள்களை அச்சத்தோடு கழித்தவர்கள், நான்காவது பெருநாளில் முதன்முறையாகப் பயமின்றிக் கூடினார்கள். விடுதலையை அவர்கள் உண்மையில் உணர்ந்தது அன்றைக்குத்தான். வானொலி அறிவிப்பையும் கையெழுத்தையும் மனம் அந்த நாளில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

இது நம் பெரியவர்களுக்கு மட்டும் உரிய குறை அன்று. 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்துச் சிதறியது. உளவியலாளர் உல்ரிக் நைசர் மறுநாளே தம் மாணவர்களிடம், செய்தியை எங்கே, யாரிடமிருந்து கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு கழித்து அவர்களையே திரும்பக் கேட்டார். பலர் முற்றிலும் வேறு இடத்தையும் வேறு ஆளையும் சொன்னார்கள். அதுவும் மிக்க உறுதியோடு. இளம் மாணவர்களுக்கு இரண்டரை ஆண்டில் நேர்ந்தது இது. எழுபது, எண்பது ஆண்டுச் சுமையைச் சுமப்பவர்களிடம் நாம் என்ன குறை காண முடியும்? அழுத்தமாக நினைவிருக்கிறது என்பது நடந்தது அப்படித்தான் என்பதற்குச் சான்றாகாது என்பதை மட்டும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

பத்து வருஷம்

எங்களை மிகவும் உலுக்கியது ஒரு பெரியம்மாவின் கதை. குடும்பத்தாரின் அனுமதியோடு, பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறோம்.

போருக்கு முன்பே அவருடைய அத்தா சிங்கப்பூருக்கு வந்துவிட்டார். தாயும் மகளும் ஊரில். மாதாமாதம் மணியார்டர் வரும், கடிதம் வரும். பெரியம்மாவுக்கு ஏழு, எட்டு வயது இருக்கும்போது இரண்டும் நின்றன. தாய் தறி வேலைக்குப் போனார். ஒருவேளைக் கஞ்சியில் நாளை ஓட்டினார்கள். அக்கம்பக்கத்தில் சிலர், "அவர் அங்கேயே ஒரு குடும்பம் வைத்துக்கொண்டார்" என்று பேசினார்கள்.

"பத்து வருஷம் தம்பி. ஒரு கடுதாசி இல்ல. அத்தா எங்கள மறந்துட்டாவன்னு அம்மா அழுவாவ. நான் அழமாட்டேன். எனக்குக் கோவம்" என்றார் பெரியம்மா. போருக்குப் பிறகு கடிதப் போக்கு தொடங்கி, அத்தா வந்து குடும்பத்தைச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்டார். ஆனால், அந்தக் கோபம் போகவில்லை. அத்தா மவுத்தாகும் வரை அவரோடு இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை என்று அவரே சொன்னார்.

பொன்விழாக் கண்காட்சிக்காகப் பழைய பொருள்களைக் கேட்டிருந்தோம். பெரியம்மாவின் தம்பி மகன் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் அந்த அத்தாவின் கணக்குப் புத்தகம் இருந்தது. 1942 தொடக்கம் வரை, 'வீட்டுக்கு' என்று ஒவ்வொரு மாதமும் ஒரு வரி; பக்கத்தில் மணியார்டர் எண். அதன்பின் எண் இல்லை. கடல் போர்க்களமாகிவிட்டது, இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் இடையே பயணிகள் கப்பலும் தபாலும் நின்றுவிட்டன. ரஜூலாகூடப் படைகளை ஏற்றிச் செல்லப் போய்விட்டது. ஆனால் 'வீட்டுக்கு' என்ற வரி மட்டும் நிற்கவில்லை. மாதம் தவறாமல் ஒரு தொகை. நோட்டின் மதிப்பு சரியச் சரியத் தொகை பெருகிக்கொண்டே போகிறது: பத்து, முப்பது, நூறு. அனுப்ப வழியில்லாத பணத்தை அவர் தனியே எடுத்து வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். கடைசியாக, 1945 செப்டம்பர் பக்கத்தில் தொகை இல்லை. 'நோட்டு செல்லாது' என்று இரண்டே சொல். பிரிட்டிஷ் ஆட்சி திரும்பியதும் ஜப்பானிய நோட்டுகள் வெறும் காகிதமாகிவிட்டன.

பத்து ஆண்டு அன்று. மூன்று ஆண்டு ஏழு மாதம். மறக்கவும் இல்லை.

இதைப் பெரியம்மாவிடம் சொல்வதா, வேண்டாமா என்று எங்களுக்குள் பெரிய விவாதம். இந்த வயதில் அவரை வருத்துவானேன் என்றார் ஒருவர். தெரிந்தும் மறைப்பது அமானிதத்துக்குத் துரோகம் என்றார் இன்னொருவர். முடிவில், அவருடைய மகளை வைத்துக்கொண்டு, புத்தகத்தை எடுத்துச் சென்று காட்டினோம். ஒவ்வொரு வரியாகப் பேத்தி வாசித்தாள். பெரியம்மா விரலால் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை.

பிறகு சொன்னார்: "கணக்கு சரியாத்தான் இருக்கும். அத்தா கணக்குல தப்பு விடமாட்டாவ. ஆனா எனக்குப் பசிச்சது பத்து வருஷந்தான் தம்பி."

எங்களுக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றைச் சட்டம் போட்டுத் தரும்படி அவர் கேட்டார், கொடுத்தோம். கண்காட்சியில் அந்தப் புத்தகத்தின் அருகே இரண்டு அட்டைகள் இருக்கும். ஒன்றில் தேதிகள், மற்றொன்றில் பெரியம்மா சொன்ன சொல். இரண்டில் எதை எடுத்துவிட்டாலும் அந்தக் குடும்பத்தின் வரலாறு குறைபட்டுவிடும்.

பூட்டாத கதவு

கசப்பு மட்டுமல்ல, இனிப்பும் நினைவை மாற்றுகிறது. "அந்தக் காலத்துக் கம்பத்தில் யாரும் கதவைப் பூட்டியதில்லை" என்பது ஏறத்தாழ எல்லோரும் சொன்ன சொல். சீனர் வீட்டில் விசேஷம் என்றால் நமக்குத் தனி அடுப்பு. பெருநாளுக்கு நம் வீட்டுப் பலகாரம் எல்லா வீட்டுக்கும் போகும். இவை நடந்தவைதாம். ஆனால் அதே கம்பத்தில் தண்ணீர்க் குழாயில் வரிசை, மழைக்கு ஒழுகும் கூரை, தீப்பற்றும் பயம் எல்லாம் இருந்தன. 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீயில் பற்றிய தீ, ஏறக்குறைய 16,000 பேரை ஒரே நாளில் வீடிழக்கச் செய்தது.

ஏன் கதவு மட்டும் நினைவில் நிற்கிறது? நினைவுகூர்பவர் எந்த மனநிலையில் இருந்துகொண்டு திரும்பிப் பார்க்கிறார் என்பதும் நினைவை வடிவமைக்கிறது. பிள்ளைகள் வேலைக்குப் போன பகல்வேளையில், பதினோராம் மாடியில் தனியே இருப்பவருக்குப் பூட்டாத கதவுதான் நினைவுக்கு வரும். அவர் கடந்த காலத்தைப் பற்றிச் சொல்வதுபோல் இன்றைய தனிமையைப் பற்றியும் சொல்கிறார். அதைக் கேட்கும் காது பிள்ளைகளாகிய நமக்கு வேண்டும்.

சங்கத்தின் பழைய பிணக்கு

நம் சங்கமும் இதற்கு விலக்கன்று. பழைய குடியிருப்புகள் கலைந்து, நம் மக்கள் தீவெங்கும் அடுக்குமாடி வீடுகளுக்குச் சிதறிய நாள்களில், ஒருவர் மவுத்துச் செய்திகூட மற்றவருக்கு எட்டாமல் போய்விடுமோ என்ற கவலையில் பிறந்தது நம் சங்கம். தொடக்க ஆண்டுகளிலேயே ஒரு பிணக்கு ஏற்பட்டு, சிலர் விலகிப் போனதை மூத்த குடும்பங்கள் அறியும். "போனவர்கள் கட்டட நிதிக்கு ஒரு காசு தரவில்லை" என்று நாம் சொல்லி வந்திருக்கிறோம். "எங்களை யாரும் திரும்ப அழைக்கவில்லை" என்று அவர்கள் தரப்பில் சொல்லி வந்திருக்கிறார்கள்.

பழைய பற்றுச்சீட்டு அடிக்கட்டைகளையும் கூட்டக் குறிப்பேட்டையும் ஒருசேரப் புரட்டினோம். விலகியவர்களில் இருவர், விலகிய பிறகும் கட்டட நிதிக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். அவர்களை அழைத்துவரத் தூது அனுப்புவது என்று செயற்குழு ஒருமுறையன்று, இருமுறை முடிவெடுத்திருக்கிறது. தூது போனதா என்பதற்குத்தான் குறிப்பு இல்லை. இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. புண்பட்ட மனம் தனக்கு ஆறுதல் தருவதை வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டது. அவ்விருவர் பெயர்களும் இம்மலரின் நன்கொடையாளர் பட்டியலில் உரிய இடத்தில் சேர்க்கப்பட்டுள்ளன. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பொன்விழா அழைப்பிதழை இம்முறை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

பெரியவர்களைத் திருத்துவது மரியாதைக் குறைவாகாதா என்று கேட்பவர்களுக்கு நம் மரபிலேயே விடை இருக்கிறது. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஓர் அறிவிப்பாளரை எடைபோடும்போது அவர் நேர்மையானவரா என்று கேட்டதோடு நிற்கவில்லை. நினைவாற்றல் உறுதியானதா என்றும் கேட்டார்கள். முதுமையில் நினைவு தடுமாறியவர்களின் அறிவிப்புகளில், தடுமாற்றத்துக்கு முந்தியவற்றையும் பிந்தியவற்றையும் பிரித்துப் பார்த்தார்கள். அவர்களை யாரும் பொய்யர் என்று சொல்லவில்லை. மறுபுறம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை கதீஜா (ரலி) அவர்களையும் பெரிய தந்தை அபூதாலிபையும் இழந்த ஆண்டுக்கு நம் வரலாற்றில் 'ஆமுல் ஹுஸ்ன்', துயர ஆண்டு என்றே பெயர். சான்றைச் சரிபார்ப்பதும் துயரத்தை மதிப்பதும் ஒரே மரபில் ஒருங்கே இருந்திருக்கின்றன.

குடும்பங்களுக்கு எங்கள் வேண்டுகோள்

முதலாவதாக, பெரியவர்களை இப்போதே பேச வையுங்கள், கைத்தொலைபேசியே போதும். ஆண்டைக் கேட்டுத் தொல்லை செய்யாதீர்கள். அன்று என்ன சாப்பிட்டீர்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள், மழையா வெயிலா என்று கேளுங்கள். நடுவில் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள்.

இரண்டாவதாக, காகிதங்களைக் காப்பாற்றுங்கள். கடப்பிதழ், கப்பல் சீட்டு, மணியார்டர் ரசீது, கணக்கு நோட்டு, பள்ளிக்கூடச் சான்றிதழ் எதையும் வீடு மாற்றும்போது தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புகைப்படங்களின் பின்புறம் பென்சிலால் பெயரும் தேதியும் எழுதுங்கள். அந்தத் தகரப் பெட்டியும் வீடு மாற்றும்போது குப்பைக்குப் போகவிருந்ததுதான்.

மூன்றாவதாக, சொல்லும் ஏடும் முரண்படும்போது ஒன்றை வைத்து மற்றொன்றை அடித்துவிடாதீர்கள். இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து கிடைத்தது என்று குறித்து வையுங்கள்.

நான்காவதாக, நீங்களும் எழுதுங்கள். இன்று நாற்பது வயதில் இருப்பவர்களே நூற்றாண்டு மலருக்குச் சாட்சிகளாகப் போகிறவர்கள். பொன்விழா நாளில் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள், எதற்குச் சிரித்தீர்கள் என்று அன்றிரவே தேதியிட்டு எழுதி வையுங்கள். அதற்காகவே இம்மலரின் இறுதியில் நான்கு பக்கங்களை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

இக்கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில் பெரியம்மாவின் மகள் தொலைபேசியில் அழைத்தார். சட்டம் போட்ட அந்தப் பக்கம் இப்போது அவருடைய கட்டிலருகே இருக்கிறதாம். அத்தாவின் பெயரில் யாசீன் ஓதும்படி பேத்தியிடம் முதன்முறையாகச் சொன்னாராம். நம்மை விட்டு மறைந்த முன்னோர்கள் அனைவரின் பிழைகளையும் வல்ல இறைவன் பொறுத்து, அவர்களுக்கு நற்பதவி அருள்வானாக. ஆமீன்.